முரசு முதல் மின்னஞ்சல் வரை: கிள்ளான் பள்ளத்தாக்கின் வெள்ள எச்சரிக்கை வரலாறு

தோற்றுவாய்

புறநானூற்றின் ஒன்பதாம் பாடல், போர் தொடுக்கும் வேந்தன் ஒருவனின் அறத்தைப் போற்றுவது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் புலவர் நெட்டிமையார் பாடிய அப்பாடலில், அம்பு பாய்வதற்கு முன்னரே ஓர் அறிவிப்பு எழுகின்றது. தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாதோர் இன்னின்னார் என வகைப்படுத்தி, அவர்கள் தத்தம் காவலிடங்களை நாடிச் செல்லுமாறு வேந்தன் முன்னதாகவே அறிவிக்கச் செய்கின்றான். ஆநிரையும், மகளிரும், நோயுற்றோரும் அப்பட்டியலில் இடம்பெறுகின்றனர். பழந்தமிழரின் போரறத்திற்குச் சான்றாக இப்பாடல் வகுப்பறைகளில் பலகாலும் எடுத்தாளப்பட்டு வருவது யாவரும் அறிந்ததே.

இதனை ஓர் எச்சரிக்கை என்னும் நோக்கில் ஆராயின், அதனுள் மூன்று உறுப்புகள் அமைந்திருத்தல் புலனாகும். யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர்களை அது குறித்துச் சொல்கின்றது. தப்பிச் செல்லப் போதிய காலம் இருக்கும்போதே சொல்கின்றது. கேட்டவர் செய்ய வேண்டுவது யாது என்பதையும் சொல்கின்றது. பெறுநர், காலம், செயல் என்னும் இம்மூன்றில் ஒன்று குறையினும் எச்சரிக்கை வெற்றொலியாகிவிடும்.

அறிவிக்கும் கருவி காலந்தோறும் மாறி வந்துள்ளது. பண்டைநாளில் முரசு அப்பணியைச் செய்தது. புகார் நகரில் இந்திரவிழா நிகழவிருப்பதை முரசறைந்து அறிவித்த செய்தியைக் கூறுவதால், மணிமேகலையின் முதற் காதைக்கே விழாவறை காதை என்று பெயர் அமைந்தது. இற்றைநாளில், ஆற்றுநீர் குறித்த அளவைத் தாண்டியவுடன், மனிதர் எவரும் விசையைத் தட்டாமலே, கணினியின் தரவுத்தளத்திலிருந்து மின்னஞ்சல் தானாகப் புறப்படுகின்றது. முரசுக்கும் மின்னஞ்சலுக்கும் இடைப்பட்ட வரலாற்றைக் கிள்ளான் ஆற்றங்கரையில் நின்று நோக்கினால், கருவி வளர்ந்த விதமும், அக்கருவியால் மட்டும் நிறைவுறாத கடமையும் தெளிவாகும்.

ஆறும் ஊரும்

கோலாலம்பூர் ஆற்றால் பிறந்த நகர். 1857ஆம் ஆண்டு ஈயம் தேடி வந்தோரின் குடியிருப்பு, கோம்பாக் ஆறு கிள்ளான் ஆற்றோடு கலக்கும் கூடலில் தொடங்கியது. சேறு நிறைந்த கூடல் என்னும் பொருளிலேயே நகரின் பெயர் அமைந்ததென்பர். ஆறு ஊரை வளர்த்தது. அவ்வப்போது அழிக்கவும் செய்தது. 1881ஆம் ஆண்டில் நெருப்பும் வெள்ளமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, மரத்தாலும் அத்தாப்புக் கூரையாலும் ஆன அச்சிற்றூரைச் சிதைத்தன. அதன்பின் ஆங்கிலேய ஆட்சியாளராகிய பிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் அமைக்குமாறு வற்புறுத்தினார். அதற்கு வேண்டிய செங்கற்களை அறுத்துச் சுட்ட களமே பின்னாளில் பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. இன்று தமிழர் தம் இல்லம்போல் எண்ணும் அவ்வட்டாரத்தின் பெயரிலேயே 1881ஆம் ஆண்டுப் பேரிடரின் நினைவு உறைந்திருக்கின்றது எனலாம்.

1886ஆம் ஆண்டில் கோலாலம்பூரையும் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவையும் இணைத்து இருப்புப்பாதை ஓடத் தொடங்கியது. மலாயாவின் இருப்புப்பாதைகளை அமைக்கத் தமிழகத்துத் தொழிலாளர் உடலுழைப்பை நல்கினர். நிலையங்களிலும் அலுவலகங்களிலும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் எழுத்தராகவும் நிலைய அதிபராகவும் பணியாற்றினர். இருப்புப்பாதையின் உடன்பிறப்பாகத் தந்தியும் வந்தது. ஆற்றின் மேற்பகுதியில் நிகழ்வதை நீரைவிட விரைவாகக் கீழ்ப்பகுதிக்குச் சொல்லும் ஆற்றல் மனிதருக்கு அப்போதுதான் கிட்டியது. ஆயினும் தந்தி அலுவலகத்தின் மேசைவரையில்தான் வந்து சேரும். மேசையிலிருந்து ஆற்றங்கரைக் குடிசைக்குச் செய்தி போக, ஒருவர் நடந்தோ மிதிவண்டியிலோ சென்றாக வேண்டும். அந்தக் கடைசித் தொலைவு அன்றே ஒரு சிக்கலாக இருந்தது.

நகருக்கு அப்பால் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் பரந்திருந்த இரப்பர்த் தோட்டங்களில் நிலைமை வேறு. விடியுமுன் தப்பின் ஒலியோ மணியின் ஓசையோ எழுந்ததும், லயத்து வீடுகளில் உறங்கியோர் அனைவரும் விழித்துப் பெரட்டுக்குச் சென்றனர். அவ்வொலி ஒவ்வொரு வீட்டையும் எட்டியது. உரிய வேளையில் எழுந்தது. கேட்டவர் செய்ய வேண்டியது ஐயத்திற்கிடமின்றி விளங்கியது. வெயிலிலும் மழையிலும் உழைக்கச் செலுத்திய அவ்வொலியில் இனிமை காண்பதற்கு ஏதுமில்லை. எனினும், செய்தியைச் சேர்ப்பிக்கும் ஏற்பாடு என்ற அளவில் நெட்டிமையார் காட்டிய மூன்று உறுப்புகளும் அதில் அமைந்திருந்தன.

1926ஆம் ஆண்டு மலாயாவைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. கோலாலம்பூரும் நீரில் மூழ்கியது. அதன் விளைவாக, ஆறுகளின் கூடலிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரையிலான கிள்ளான் ஆற்றின் வளைவுகள் நேராக்கப்பட்டன. 1932ஆம் ஆண்டு நீர்ப்பாசன வடிகால் துறை உருவாயிற்று. நேராக்கிய ஆறு நகரை விட்டு விரைவாக வெளியேறியது. அதே விரைவோடு கீழ்ப்பகுதி ஊர்களையும் சென்றடைந்தது.

1970, 1971: இரண்டு வித்துகளும் ஒரு வெள்ளமும்

1971ஆம் ஆண்டு சனவரித் திங்களில், பருவமழையின் கடுமையால் கிள்ளான், கோம்பாக், பத்து ஆகிய ஆறுகள் பெருக்கெடுத்துக் கோலாலம்பூரைச் சூழ்ந்தன. 32 பேர் உயிரிழந்தனர். ஏறத்தாழ 1,80,000 பேர் பாதிக்கப்பட்டனர். 1926க்குப் பின் நாடு கண்ட மிகக் கொடிய வெள்ளம் அது. பிரதமர் துன் அப்துல் ரசாக் தேசியப் பேரிடர் நிலையை அறிவித்தார். அவ்வாண்டு திசம்பர்த் திங்களில் நிரந்தர வெள்ளக் கட்டுப்பாட்டு ஆணையத்தை அமைச்சரவை நிறுவியது. பின்னர்க் கிள்ளான் கேட்ஸ் அணை உயர்த்தப்பட்டது. பத்து அணை கட்டப்பட்டது. மழையையும் ஆற்றுமட்டத்தையும் தொலைவிலிருந்தே அளந்தறியும் நிலையங்கள் படிப்படியாகப் பெருகின. வெள்ளத்தைத் தடுப்பதோடு, அதனை முன்னறிந்து சொல்வதும் அரசின் கடமை என்னும் எண்ணம் வேரூன்றிய காலம் அது.

அவ்வெள்ளத்திற்கு முன்னும் பின்னுமாக, ஏறத்தாழ ஓராண்டு இடைவெளியில், கடல் கடந்த நாடொன்றில் இரண்டு வித்துகள் ஊன்றப்பட்டன. இரண்டும் பின்னாளில் வெள்ள எச்சரிக்கைக்கு உதவப்போவதை ஊன்றியவர்களே அறிந்திருக்கவில்லை.

முதலாவது வித்தை ஊன்றியவர், ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஓசே ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் ஆங்கிலேயர். பெருந்திரளான தரவுகளை எளிய அட்டவணைகளாக வகுத்து, அவற்றிடையே உள்ள உறவுகளின் வழியாகவே வேண்டிய விடையைப் பெறலாம் என்னும் கோட்பாட்டை 1970ஆம் ஆண்டு சூன் திங்களில் அவர் கட்டுரையாக வெளியிட்டார். உறவுநிலைத் தரவுத்தளம் என்பது அதிலிருந்து தோன்றியது. இரண்டாவது வித்தை ஊன்றியவர் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன். ஒரு கணினியிலிருந்து வலையமைப்பின் வழியே வேறொரு கணினியில் உள்ள ஒருவருக்கு மடல் அனுப்பும் முறையை 1971ஆம் ஆண்டில் அவர் செய்து காட்டினார். பெறுநரின் பெயருக்கும் அவருடைய கணினியின் பெயருக்கும் இடையில் அவர் தேர்ந்தெடுத்த குறியே இன்று ஒவ்வொரு மின்னஞ்சல் முகவரியிலும் நிற்கின்றது. காட் நினைவாற்றலுக்கு ஒழுங்கு தந்தார். டாம்லின்சன் செய்திக்குச் சிறகு தந்தார். இரண்டும் ஒன்றுசேர மேலும் பல ஆண்டுகள் ஆயின.

அட்டவணையும் மணிக்கயிறும்

உறவுநிலைத் தரவுத்தளத்தின் இயல்பைப் பள்ளிப் பதிவேடுகளைக் கொண்டே எளிதில் விளக்கலாம். சேர்க்கைப் பதிவேட்டில் மாணவனின் பெயர், பிறந்த நாள், பெற்றோர் பெயர், முகவரி ஆகியவை ஒருமுறை எழுதப்பட்டு, ஓர் எண் வழங்கப்படும். மதிப்பெண் ஏட்டில் அவ்வெண் இருந்தாற் போதும். முகவரியை மீண்டும் எழுதத் தேவையில்லை. வேண்டும்போது எண்ணைக் கொண்டு இரண்டு ஏடுகளையும் ஒப்புநோக்கி, குறைந்த மதிப்பெண் பெற்ற மாணவரின் பெற்றோருக்குக் கடிதம் எழுதலாம். முகவரி மாறினால் ஓரிடத்தில் திருத்தினாற் போதும். காட் வகுத்த கோட்பாட்டின் சாரம் இதுவே.

வெள்ள எச்சரிக்கைக்கும் இத்தகைய ஏடுகள் மூன்று வேண்டும். ஆற்றங்கரை அளவீட்டு நிலையங்களின் பெயரும் இடமும் ஒவ்வொன்றுக்கும் உரிய எல்லை அளவுகளும் முதல் அட்டவணையில் அமையும். எந்த நிலையத்தில், எந்நேரத்தில், நீர்மட்டம் எவ்வளவு என்பது இரண்டாம் அட்டவணையில் வரிவரியாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். எந்த நிலையத்தின் செய்தி யாருக்குச் செல்ல வேண்டும், அவருடைய முகவரி யாது என்பது மூன்றாம் அட்டவணை. மூன்றையும் இணைத்து நோக்கும் ஒரு வினாவை எழுதிவிட்டால், இந்த நொடியில் எச்சரிக்கப்பட வேண்டியோர் யார் யார் என்னும் விடை உடனே வந்துவிடும். அவ்வினாக்களை எழுதுவதற்குரிய மொழியை ஐபிஎம் ஆய்வாளர்களாகிய சேம்பர்லினும் பாய்சும் 1974ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தினர். இன்று அது எஸ்.க்யூ.எல் என வழங்குகின்றது.

வினாவை எழுப்புவது யார்? தொடக்கத்தில் மனிதரே எழுப்ப வேண்டியிருந்தது. நள்ளிரவில் நீர் உயரும்போது அலுவலர் உறங்கிவிட்டால் வினாவும் உறங்கிவிடும். இக்குறையைப் போக்க வந்ததே டிரிகர் எனப்படும் தூண்டுநிரல். அட்டவணையில் புதிய வரியொன்று எழுதப்பட்ட அக்கணமே தானாக இயங்குமாறு தரவுத்தளத்துக்குள் வைக்கப்படும் கட்டளை அது. திருவாரூரில் மனுநீதிச் சோழன் தொங்கவிட்ட ஆராய்ச்சி மணியை இதற்கு ஒப்புமையாகக் கூறலாம். வாயிற்காவலனின் இசைவை வேண்டிப் பசு காத்திருக்கவில்லை. கயிறு அசைந்தது, மணி ஒலித்தது, அரண்மனை அறிந்தது. 1992ஆம் ஆண்டு வெளிவந்த ஆரக்கிள் 7ஆம் பதிப்பு போன்றவை தூண்டுநிரலைப் பரவலாக்கின. 1999ஆம் ஆண்டில் அது எஸ்.க்யூ.எல் தரவரையறையிலும் இடம்பெற்றது.

அஞ்சலும் இதற்கிடையே முறைப்பட்டது. கணினிகள் தமக்குள் அஞ்சலைக் கைமாற்றுவதற்குரிய பொது நெறிமுறையை 1982ஆம் ஆண்டில் யோன் போஸ்டல் வரைந்தளித்தார். 1990களின் இறுதியில் தரவுத்தளத்துக்குள்ளிருந்தே அந்நெறிமுறைப்படி அஞ்சல் அனுப்பும் வசதி ஆரக்கிளில் வந்தது; மைக்ரோசாப்ட் நிறுவனம் 2005ஆம் ஆண்டுப் பதிப்பில் அதற்கெனத் தனியுறுப்பை அமைத்தது. மணியும் கயிறும் இவ்வாறு ஒன்றாயின.

மணி கட்டுவது எளிது. அதனைப் பிழையின்றி ஒலிக்கச் செய்வது அரிது என்பதை அனுபவம் கற்பித்தது. அவ்வனுபவத்தில் விளைந்த பாடங்கள் நான்கு. முதலாவது, தூண்டுநிரல் தானே அஞ்சலைக் கொண்டுசெல்ல முற்படலாகாது. அஞ்சல் வழங்கி தாமதித்தால், நீர்மட்டத்தைப் பதியும் பணியும் தாமதமாகும். பதிவு பாதியில் கைவிடப்பட்டால், புறப்பட்டுவிட்ட அஞ்சலைத் திரும்ப அழைக்க இயலாது. ஆகவே, அனுப்ப வேண்டிய செய்தியை வேறோர் அட்டவணையில் எழுதி வைத்தலே தூண்டுநிரலின் வேலை. குறித்த இடைவெளிதோறும் இயங்கும் தனிநிரல் ஒன்று அதனை எடுத்து அனுப்பி, அனுப்பியதைக் குறித்துக்கொள்ளும். அஞ்சற்பெட்டியில் இட்டவர் ஒருவர், எடுத்துச் செல்பவர் வேறொருவர் என்னும் பழைய முறையே இது.

இரண்டாவது, நீர் எல்லையைக் கடக்கும்போது சொல்ல வேண்டும். எல்லைக்கு மேல் நிற்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே இருத்தல் கூடாது. ஓர் இரவில் நூறு அஞ்சல் பெற்றவர் நூற்றோராவதைத் திறந்து பாரார். மூன்றாவது, எச்சரிக்கைக்குப் படிநிலை வேண்டும். மலேசியாவில் ஆற்றுமட்டம் இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என நான்காகப் பகுக்கப்பட்டுப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றது.

நான்காவது பாடமே தலையாயது. தூண்டுநிரல் வந்த அளவீட்டைக் கண்டுதான் இயங்கும். வராத அளவீட்டை அது அறியாது. பெருவெள்ளத்தில் அளவீட்டு நிலையமே மூழ்கினாலோ, மின்சாரம் அற்றுப்போனாலோ, புதிய வரி எதுவும் வந்து சேராது. கயிற்றை அசைக்க எதுவும் இல்லாமையால் மணியும் ஒலிக்காது. ஆபத்து உச்சத்தை அடையும் நேரத்தில் அட்டவணை அமைதியாகக் காட்சியளிக்கும். இந்த மௌனத்தையும் ஓர் அறிகுறியாகக் கொண்டு, குறித்த நேரத்தில் செய்தி வராத நிலையங்கள் எவை என்று இடையறாது வினவும் ஏற்பாடு வேண்டும். வழக்கமாக முன்வரிசையில் அமரும் மாணவன் இரண்டு நாள் வரவில்லையெனில், நல்லாசிரியர் அவன் வீட்டுக்கு ஆள் அனுப்புவது போன்றதே இது.

முரசு அஞ்சல்

இக்கருவிகள் மலேசியாவில் தமிழரை வந்தடைந்த வரலாறும் குறிப்பிடத்தக்கது. 1985ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மைமோஸ், 1987ஆம் ஆண்டில் ராங்கோம் என்னும் கணினி வலையமைப்பைத் தொடங்கியது; 1990களின் தொடக்கத்தில் ஜாரிங் இணையச் சேவை உருவாயிற்று. மின்னஞ்சல் கல்விக்கூடங்களிலிருந்து அலுவலகங்களுக்கும் பின்னர் இல்லங்களுக்கும் பரவியது. ஆயினும் அது ரோமன் எழுத்தையே அறிந்திருந்தது.

தமிழ் எழுத்தைக் கணினித் திரைக்கும் மடலுக்கும் கொண்டுவந்த முன்னோடிகளுள் மலேசியரான முத்து நெடுமாறன் ஒருவர். அவர் உருவாக்கிய மென்பொருளின் பெயர் முரசு அஞ்சல். பழைய அறிவிப்புக் கருவியும் புதிய அறிவிப்புக் கருவியும் அப்பெயரில் கைகோத்து நிற்கின்றன. 1991ஆம் ஆண்டு வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 2001ஆம் ஆண்டு தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நிகழ்ந்தது. 2005ஆம் ஆண்டு கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி எழுதும் செல்லினம் அறிமுகமாயிற்று. ஆகவே, எச்சரிக்கையைத் தமிழில் அனுப்புவதற்குக் கருவி இல்லை என்று கூறுவதற்கு இன்று இடமில்லை. பெறுநர் அட்டவணையில் மொழி என்று ஒரு கட்டத்தைச் சேர்த்து, அதனை நிரப்பிவிட்டால், ஒரே அளவீட்டிலிருந்து மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் செய்தி புறப்படும். அக்கட்டத்தைச் சேர்க்க வேண்டும் என்று ஒருவர் நினைத்தாக வேண்டும், அவ்வளவே.

வெற்றிடமாயிருந்த பட்டியல்

பெறுநர் பட்டியல் இல்லையாயின் எத்துணைச் சிறந்த கருவியும் பயன்படாது என்பதை 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் உலகம் கண்ணீரோடு கற்றுக்கொண்டது. சுமத்திராவுக்கு அருகே கடலடி நிலநடுக்கம் நேர்ந்த கால்மணி நேரத்திற்குள், அவாயித் தீவிலுள்ள பசிபிக் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையத்தின் முதல் அறிக்கை பசிபிக் நாடுகளுக்குச் சென்றது. இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்குச் செய்தி செல்வதற்குரிய ஏற்பாடு எதுவும் அப்போது இருக்கவில்லை. தமிழகக் கரையை அலை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. காலம் இருந்தது, அறிவும் ஓரளவு இருந்தது, முகவரி இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலேசியாவிலும் பினாங்கு, கெடா கரைகளில் 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அதே நாளில், புதுச்சேரிக்கு அருகிலுள்ள நல்லவாடு என்னும் மீனவர் ஊரில் நடந்தது வேறு. எம்.எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அவ்வட்டாரத்தில் 1998 முதல் சிற்றூர்த் தகவல் நடுவங்களை நடத்தி வந்தது. அலையுயர முன்னறிவிப்பை இணையத்திலிருந்து எடுத்து, ஒலிபெருக்கி வழியாக மீனவர்க்கு நாள்தோறும் தமிழில் சொல்லும் வழக்கம் அங்கு நிலைபெற்றிருந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி கண்டு வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் நடுவத்தின் கதவை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் அறிவித்தனர். 3,000க்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அவ்வூரில் ஓர் உயிரும் பலியாகவில்லை. வீடுகளும் படகுகளும் அழிந்தன; மக்கள் பிழைத்தனர்.

அவர்கள் பிழைத்ததற்குக் காரணம் கருவியின் சிறப்பு ஒன்றே எனக் கூறுதல் பொருந்தாது. நாள்தோறும் உண்மை சொல்லிவந்த குரல் என்பதால், அன்றும் அதனை நம்பி ஓடினர். தம் மொழியில் கேட்டதால் பொருள் விளங்காமல் தயங்கவில்லை.

சுரங்கமும் தாமானும்

2007ஆம் ஆண்டு மே திங்களில் கோலாலம்பூரின் அடியில் ஸ்மார்ட் சுரங்கம் திறக்கப்பட்டது. 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள அது, கிள்ளான் ஆறும் அம்பாங் ஆறும் சேருமிடத்தில் பெருகும் நீரை நகரின் நடுப்பகுதியைத் தொடாமல் திசைதிருப்பி, தெற்கே கெராயோங் ஆற்றில் கொண்டு சேர்க்கின்றது. அதன் ஒரு பகுதி இயல்பான நாள்களில் உந்துவண்டிச் சாலையாகப் பயன்படுகின்றது. நீரோட்டம் வினாடிக்கு 70 கனமீட்டரைத் தாண்டினால் அடித்தளத்தில் நீர் விடப்படும். 150 கனமீட்டரைத் தாண்டும் நிலை வந்தால் வண்டிகள் வெளியேற்றப்பட்டுச் சாலையும் நீருக்கு விடப்படும். உணர்கருவி, அளவீடு, எல்லை, செயல் என்னும் தொடர் அங்கே இடைமுறிவின்றி அமைந்துள்ளது. வண்டியோட்டி ஒருவர் ஆற்றுமட்டத்தை அறிந்திருக்க வேண்டுவதில்லை; அவருக்காக வாயில் மூடிக்கொள்கின்றது.

ஆற்றின் கீழ்ப்பகுதியில் அத்தகைய வாயில் இல்லை. 2021ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 17, 18ஆம் நாள்களில், ஒரு மாதத்துக்குரிய மழைக்கும் மேலாக ஒரே நாளில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பொழிந்தது. ஷா ஆலமின் தாமான் ஸ்ரீ மூடா, கிள்ளான் ஆற்றையொட்டிய தாழ்நிலம். தமிழர் பலர் வாழும் அப்பகுதியில் நீர் கீழ்த்தளங்களை மூழ்கடித்தது. மக்கள் மாடியிலும் கூரையிலும் ஏறி நின்றனர். நாடு முழுவதும் அப்பருவத்தில் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வானிலை ஆய்வுத் துறை தொடர்மழை எச்சரிக்கைகளை வெளியிட்டிருந்தது. ஆற்றுமட்டங்கள் பொது இணையத்தளத்தில் இருந்தன. ஆயினும் தங்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை என்றும், எட்டியபோது வெளியேற வழியில்லை என்றும் குடியிருப்பாளர் பலர் செய்தியாளரிடம் கூறினர். நீருக்குள் சிக்கியவர்களின் பெயரையும் இடத்தையும் தொண்டர்களே திரட்டிப் பட்டியலிட்டுப் படகுகளை அனுப்பினர். முன்னதாக இருந்திருக்க வேண்டிய அட்டவணை, வெள்ளத்தின் நடுவே கைப்பேசிகளில் உருவாயிற்று.

இங்குத் தோட்டத்துத் தப்பொலியை நினைவுகூர்தல் தகும். தோட்டங்கள் வீட்டுமனைகளாக மாறியபோது, லயத்தில் ஒன்றாக வாழ்ந்தோர் நகர்ப்புறத் தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் சிதறினர். சிலர் ஆற்றோரப் புறம்போக்கு நிலங்களிலும் குடியேறினர். ஓர் ஒலிக்கு அனைவரும் விழித்த காலம் அத்துடன் முடிந்தது. அண்டை வீட்டார் பெயர் அறியாத தெருக்களில், யாரை முதலில் எழுப்ப வேண்டும் என்பதும் தெரியாமற் போயிற்று. மின்னஞ்சல் அந்த இடத்தை நிரப்ப வல்லதா? முகவரி இல்லாத முதியவருக்கும், இரவில் அஞ்சல் பாராதவருக்கும், செய்தியின் மொழி அறியாதவருக்கும் அது செல்லாது. அத்தகையோரே நெட்டிமையார் பாடலின் பட்டியலில் முதலில் நிற்கத்தக்கவர்.

முடிவுரை

கணினி செய்யும் பணி பெரிது. ஆயிரம் அளவீடுகளை அது களைப்பின்றி நோக்கும். எல்லையைக் கடந்த அக்கணமே ஆயிரம் பேருக்கு எழுதும். அதனைத் தாழ்த்திப் பேசுதல் அறிவுடைமையாகாது. எனினும், அட்டவணையில் இல்லாத பெயருக்கு அது ஒருபோதும் எழுதாது. பெயரைச் சேர்ப்பதும், மொழியைக் குறிப்பதும், எங்குச் செல்ல வேண்டும் என்னும் வாக்கியத்தை எழுதுவதும் மனிதர் கையில் உள்ளன.

அச்செயலில் தமிழ்ப்பள்ளிகளுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆற்றையொட்டிய வட்டாரப் பள்ளி ஒன்றின் சேர்க்கைப் பதிவேட்டில், எந்தக் குடும்பம் எந்தத் தெருவில் வாழ்கின்றது, வீட்டில் எந்த மொழி பேசப்படுகின்றது என்பன ஏற்கனவே பதிவாகியுள்ளன. வீட்டில் தனித்திருக்கும் பாட்டி யார் என்பதை மாணவர் அறிவர். மின்னஞ்சலைப் பெறும் ஆசிரியர் ஒருவரும், அவர் சொன்னால் தெருவில் கதவு தட்டும் உயர்வகுப்பு மாணவர் சிலரும், தெருவுக்கொருவராகப் பெற்றோரும் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருப்பின், தரவுத்தளத்திலிருந்து புறப்பட்ட செய்தி கூரைக்கடியில் உறங்குவோரைச் சென்றடையும். பெற்றோர் இசைவைப் பெறுதலும், அப்பட்டியலைத் தவறான கையில் சேராமல் காத்தலும், ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் ஒருமுறை திருத்துதலும் அதற்குரிய ஒழுக்கமாகும்.

1881இல் நெருப்பும் நீரும் அழித்த ஊர், செங்கல்லால் தன்னை மீண்டும் கட்டிக்கொண்டது. 1971க்குப் பின் அணைகளாலும் அளவுகோல்களாலும் தன்னைக் காத்துக்கொள்ள முயன்றது. 2021 விட்டுச்சென்ற பணி, ஒவ்வொரு வீட்டின் பெயரையும் பட்டியலில் எழுதுவது. முரசறைந்த வள்ளுவன் தெருத்தெருவாகச் சென்றதன் காரணம், கேளாத வீடு ஒன்றும் இருத்தலாகாது என்பதே. மின்னஞ்சலும் அக்காரணத்தை மறவாதிருக்குமாயின், முரசின் உண்மையான வழித்தோன்றல் அதுவேயாகும்.